மிகைத் தண்டனையும் மேல்முறையீட்டு உரிமையும்: ஆங்கிலச் சட்ட வரலாற்றில் ஒரு நோக்கு

முன்னுரை

குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட ஒருவர், தமக்கு விதிக்கப்பட்ட தண்டனை அளவு மீறியது என முறையிட இங்கிலாந்தில் 1907ஆம் ஆண்டுவரை பொதுவான நீதிமன்ற வழி இருந்ததில்லை. அவ்வுரிமை தோன்றிய வரலாற்றையும், அதனோடு நெடுங்காலம் பிணைந்திருந்த அச்சத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கருணையிலிருந்து உரிமைக்கு

1848இல் நிறுவப்பட்ட சிறப்பு நீதிமன்றம், வழக்கை விசாரித்த நீதிபதி தாமே விரும்பி அனுப்பிய சட்ட ஐயங்களை மட்டுமே ஆராய்ந்தது. தண்டனையின் கடுமை அதன் ஆய்வுக்கு உட்படவில்லை. உள்துறை அமைச்சர் வழியாக அரச மன்னிப்பை வேண்டுவதே எஞ்சிய வழி. அது அருளேயன்றி உரிமையன்று. அடால்ஃப் பெக் என்பார் ஆளடையாளப் பிழையால் 1896, 1904 ஆகிய ஆண்டுகளில் இருமுறை குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். இவ்வழக்கு எழுப்பிய கண்டனம், 1907ஆம் ஆண்டுக் குற்றவியல் மேல்முறையீட்டுச் சட்டம் பிறக்க முதன்மையான காரணங்களுள் ஒன்றாயிற்று. பிழையான தீர்ப்பைத் திருத்தும் வேட்கையிலிருந்து எழுந்த அச்சட்டம், மிகைத் தண்டனையை எதிர்ப்போர்க்கும் இடமளித்தது. எனினும் அதற்கு நீதிமன்றத்தின் முன்னனுமதி தேவைப்பட்டது. கொலைக் குற்றத்திற்குரிய மரண தண்டனைபோல், சட்டமே வரையறுத்த தண்டனையை எதிர்த்து முறையிட இயலாது.

உரிமையும் அச்சமும்

புதிய நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம். ஆகவே நிவாரணம் நாடியவர் முன்னிலும் நீண்ட சிறைவாசத்துடன் திரும்பும் வாய்ப்பும் இருந்தது. தாமாயின் வேறு தண்டனை விதித்திருப்போம் என்பதற்காக மட்டும் மேல்முறையீட்டு நீதிபதிகள் தலையிடுவதில்லை. தண்டனை வெளிப்படையாக மிகையானது அல்லது கோட்பாட்டளவில் தவறானது என்று காட்டப்படவேண்டும். இத்தகைய கடினமான அளவுகோலோடு தண்டனை கூடும் இடரும் சேர்ந்தபோது, ஏட்டிலுள்ள உரிமையைப் பயன்படுத்தப் பலர் தயங்கியிருத்தல் இயல்பே எனலாம்.

1966ஆம் ஆண்டுச் சட்டம் அந்நீதிமன்றத்தின் பணியை மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் குற்றவியல் பிரிவுக்கு மாற்றியது; முறையிட்டவரின் தண்டனையைக் கூட்டும் அதிகாரத்தையும் நீக்கியது. 1968ஆம் ஆண்டுச் சட்டமும் இக்காப்பைத் தொடர்ந்தது. ஆயினும் தகுதியற்ற முறையீட்டின்போது சிறையில் கழிந்த காலத்தின் ஒரு பகுதியைத் தண்டனைக் காலத்தில் சேர்க்காதிருக்க ஆணையிடும் அதிகாரம் நிலைத்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமோ, வரையறுக்கப்பட்ட சில வழக்குகளில் மிகக் குறைவான தண்டனையை மறு ஆய்வுக்கு அனுப்பும் அதிகாரத்தை அரசின் தலைமை வழக்குரைஞருக்கு அளித்தது. இங்குத் தண்டனை கூடலாம். ஆனால் அவ்விளைவு தண்டிக்கப்பட்டவரின் முறையீட்டால் நேர்வதன்று.

முடிவுரை

மேல்முறையீட்டு உரிமை 1907இல் பிறந்தது. தண்டனை கூடும் என்ற அச்சமின்றி அதனைப் பயன்படுத்தும் நிலையோ 1966இல்தான் வாய்த்தது. உரிமை வழங்கப்பட்ட ஆண்டை மட்டும் கொண்டு நீதியின் வளர்ச்சியை அளத்தல் பொருந்தாது என்பதை இவ்விடைவெளி உணர்த்துகிறது.