கேள்வியும் கஞ்சியும்

தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல்களில் ஒன்று, குழந்தைகளுக்கென்று பிறந்த நூல் என்றால் ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? 1579-ல் கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’தான் அது. போர்ச்சுகல் தேசத்தில் மார்க்கோஸ் ஜோர்ஜே என்ற பாதிரியார் சிறுபிள்ளைகளுக்காக எழுதிய வினாவிடையை அண்டிரிக் அடிகளார் தமிழாக்கினார். ஆசிரியர் கேட்பார், பிள்ளை பதில் சொல்லும். அதற்கும் முன்பே, 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைத் திரட்டி ஜபங்களை மனப்பாடம் செய்வித்தார். வீட்டில் நோயாளி என்று யாராவது கூப்பிட்டால் அந்தப் பிள்ளைகளையே அனுப்பி ஓதச் சொல்வாராம்.

நெட்டுருவை நான் பரிகாசம் செய்ய மாட்டேன். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆத்திசூடியும் எண்சுவடியும் அப்படித்தானே பிள்ளைகளின் நாக்கில் ஏறின? ஆனால் அதில் ஒரு குறை உண்டு. குழந்தையின் மனத்தில் கேள்வி முளைப்பதற்கு முன்பே பதில் வந்து உட்கார்ந்துகொண்டு விடுகிறது.

கேள்வி தானாக முளைத்த இடம் ஒன்று நம் பக்கத்தில் உண்டு. நாமக்கல்லை அடுத்த சேந்தமங்கலத்துக்கு, தத்துவ போதகர் என்று பெயர் பூண்ட ராபர்ட் டி நொபிலி 1623-லேயே வந்திருக்கிறார். அவருடையது பெரியவர்களுக்கான தர்க்கம், அதை விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்தது அதே சேந்தமங்கலத்தில் 1913-ல் கலியாணம் செய்துகொண்டு கொல்லிமலைக்கு ஏறிய ஜெஸ்ஸி பிராண்டு, எவ்லின் என்ற ஆங்கிலேயத் தம்பதிகளைப் பற்றி.

அப்போது கொல்லிமலை என்றால் மலைக்காய்ச்சல் என்று அர்த்தம். வல்வில் ஓரி ஆண்ட மலையாயிற்றே என்று கொசு யாரையும் சும்மா விடுமா? பிராண்டு பல் பிடுங்கினார், புண்ணுக்கு மருந்து கட்டினார், தச்சுவேலை கற்றுக் கொடுத்தார், பிரசங்கமும் செய்தார். ஜனங்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பல வருஷங்கள் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. ஊர்ப் பூசாரியின் எதிர்ப்பு வேறு.

1918-ல் உலகத்தையே வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சல் மலைக்கும் ஏறியது. நோய் கண்ட வீட்டை உற்றாரே விட்டு ஓடினார்கள். பிராண்டு தம்பதிகள் அண்டா நிறையக் கஞ்சி காய்ச்சி, குடிசை குடிசையாகப் போய் ஊற்றினார்கள். அந்தப் பூசாரியும் அவர் மனைவியும் படுக்கையில் விழுந்தார்கள். அங்கேயும் கஞ்சி போயிற்று. சாகுந் தறுவாயில் அவர் தம்முடைய கைக்குழந்தையையும் அவள் அண்ணனையும் தாம் எதிர்த்த அந்தப் பாதிரியாரிடமே ஒப்படைத்தார். அதன் பிறகுதான் மலையில் திருச்சபை வேர்விட்டது. கைவிடப்பட்ட குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

“கஞ்சி ஊற்றி மதம் மாற்றினார்கள்” என்று ஏசுவோர் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நாளைக்கு யார் பிழைப்பார் என்று தெரியாத நாளில் ஊற்றிய கஞ்சிக்குக் கணக்கு இருக்க முடியாது. ஆனால் ஒன்று. சோறு போடுகிற கையே சாமியையும் காட்டும்போது, குழந்தையால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. அந்தப் பூசாரியின் மகன் வளர்ந்து, தன் அப்பா கும்பிட்ட தெய்வத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்? எந்த வினாவிடைப் புத்தகத்திலும் இந்தக் கேள்வி இல்லை.

பிராண்டின் மகன் பால் 1914-ல் பிறந்தவர். பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திப் புகழ் பெற்ற டாக்டர். மலையில் கழித்த பிள்ளைப் பருவத்தில் தமக்குக் கிடைத்த ஒரு பாடத்தை அவர் எழுதியிருக்கிறார். படிப்படியாக வெட்டிய நெல்வயலில் சிறுவர்கள் தவளை பிடித்துச் சேற்றைக் கலக்கினார்கள். வரப்பும் மடையும் காக்கிற கிழவர் தடியூன்றி வந்தார். அடிக்கவில்லை. ஒரு பிடி சேற்றை அள்ளிக் காட்டி, பாட்டன் காலம் முதல் சோறு போடும் மண் இது, மடை வழியே இறங்கிப் போனால் திரும்ப மலையேறி வராது என்று விளக்கினார். வேற்று மதத்துப் பையனுக்கு, அவனிடமிருந்து ஒன்றும் எதிர்பாராமல் சொன்ன பாடம். அவர் அதை முதுமை வரை மறக்கவில்லை. அவருடைய தகப்பனாரும் கறையான் புற்றையும் குருவிக் கூட்டையும் காட்டித்தான் கடவுளைப் பற்றிப் பேசினாராம். வினாவிடையைவிட எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது.

பால் ஒன்பதாவது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். தகப்பனாரை மறுபடி பார்க்கவே இல்லை. 1929 ஜூனில் ஜெஸ்ஸி பிராண்டு மலையிலேயே காய்ச்சலில் மாண்டார். தந்தி முந்திக்கொண்டது, கப்பல் தபாலில் அவர் மகனுக்கு எழுதிய கடிதங்கள் அதன் பிறகும் வந்துகொண்டிருந்தன.

எவ்லினுக்கு எழுபது வயது நெருங்கும்போது மிஷன் ஓய்வு கொடுத்தது. அந்த அம்மாள் ஓய்வை வாங்கிக்கொண்டு, நேரே கொல்லிமலைக்கு ஏறிவிட்டார். 1974-ல் தொண்ணூற்றைந்தாவது வயதில் இறந்தபோது, மலையில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.