முப்பத்தெட்டு அடிக் கரை

1977 நவம்பர் 6 அதிகாலை சுமார் ஒன்றரை மணிக்கு, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டொக்கோவாவில் கெல்லி பார்ன்ஸ் அணையின் கரை உடைந்தது. கீழே விவிலியக் கல்லூரி வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்களை வெள்ளம் அள்ளிக்கொண்டு போயிற்று. இறந்தவர்கள் 39 பேர். அவர்களில் பலர் குழந்தைகள். கரையின் உயரமோ ஏறத்தாழ 38 அடிதான். இராணுவப் பொறியாளர் படையின் அளவுகோலில் 25 முதல் 40 அடிக்குள் இருப்பவை சிறிய அணைகள். அணையின் உயரத்தை அளப்பதற்கு முன் அதன் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும் என்பதற்கு இந்தச் சிறிய அணையே சான்று.

1899இல் மின்சாரத்துக்காக அங்கே மரச்சட்டங்களுக்குள் கல் நிரப்பி ஓர் அணை எழுப்பினார்கள். பிற்பாடு கல்லூரி அதன்மேல் மண் கொட்டிக் கரையை உயர்த்தியது. 1957இல் மின் உற்பத்தி நின்றது. அதற்குப் பின் ஏரி பொழுதுபோக்குக்கு மட்டுமே பயன்பட்டது. ஆபத்து இந்த மாற்றத்தில்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன். மின்சாரம் எடுக்கும் வரை நீர்மட்டத்தையும் மதகையும் கவனிக்க ஒரு காரணம் இருந்தது. ஏரி அழகாக நிரம்பி நின்றால் போதும் என்றானபின் கரையின் பின்புறச் சரிவை யார் பார்ப்பார்கள்? அந்தச் சரிவு மிகச் செங்குத்தானது. அதில் ஒரு பகுதி சரிந்திருந்ததை 1973ஆம் ஆண்டுப் புகைப்படம் காட்டியது. விபத்துக்குப் பின் விசாரித்த குழுவுக்கு அணையின் வடிவமைப்பு வரைபடமே கிடைக்கவில்லை. உடைப்புக்கு ஒற்றைக் காரணத்தை அவர்களால் உறுதி செய்யவும் முடியவில்லை. 1889இல் பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணை உடைந்து 2,209 பேர் மாண்டதற்குப் பின்னாலும் இதே கதைதான். கால்வாய்க்காகக் கட்டிய அணை செல்வந்தர்களின் மீன்பிடி ஏரியாயிற்று. முந்தைய உரிமையாளர் கழற்றி எடுத்த வடிகுழாய்களை அவர்கள் திரும்பப் பொருத்தவில்லை. மீன் தப்பாதிருக்கக் கலிங்கில் தடுப்பும் வைத்தார்கள்.

சட்டம் இல்லாமலில்லை. பஃபலோ கிரீக்கில் அணை உடைந்த பேரழிவுக்குப் பின் 1972இலேயே அணை ஆய்வுச் சட்டம் வந்தது. ஆனால் நாட்டின் அணைகளைப் பட்டியலிட்டதோடு வேலை நின்றது. நேரில் சென்று ஆய்வு செய்யப் பணம் ஒதுக்கவில்லை. டொக்கோவாவுக்குப் பிறகே ஜனாதிபதி கார்ட்டர் ஆய்வுக்கு உத்தரவிட்டார். உடைந்தால் உயிர் போகும் இடங்களில் இருந்த அணைகளை முதலில் பார்த்தார்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது.

உடைந்தால் கீழே உயிர் போகுமா என்று பார்த்து அணைகளை வகைப்படுத்துவதை எதிர்ப்பவர்கள், உறுதியான அணைக்கும் 'அதிக ஆபத்து' என்ற முத்திரை குத்துவது அநியாயம் என்கிறார்கள். அந்த வகைப்பாடு கரையின் நலனைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. உடைந்தால் என்ன ஆகும் என்பதை மட்டுமே சொல்கிறது. கரை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கீழே வீடுகள் இருந்தால் அடிக்கடி பார்த்தாக வேண்டும். இன்னொரு எதிர்ப்பு இதைவிட வலுவானது: அணை முதலில் வந்தது, வீடுகள் பிறகு வந்தன, செலவு மட்டும் உரிமையாளர் தலையிலா? 1978இல் ஜார்ஜியா இயற்றிய சட்டப்படி, உடைந்தால் உயிர்ச்சேதம் நேரக்கூடிய அணை முதல் வகை, மற்றது இரண்டாம் வகை. கீழே ஒரு குடியிருப்பு முளைத்தாலே, கரையில் ஒரு பிடி மண் மாறாமல், இரண்டாம் வகை அணை முதல் வகையாகிவிடும். கலிங்கை அகலப்படுத்தும் செலவு ஒரு சிறு ஏரிக்காரரை முடக்கிவிடக்கூடும். அதற்காக வகையைத் தாழ்த்துவது தீர்வாகாது. வெள்ளம் பாயும் வழியில் வீடு கட்ட அனுமதி கொடுத்த உள்ளூர் நிர்வாகமும் அந்தச் செலவில் பங்கேற்க வேண்டும். அனுமதி கேட்டு மனு வரும்போதே மேலே இருக்கும் அணையின் பெயரும் அந்தக் கோப்பில் ஏற வேண்டும்.