நூறு கெஜத்துக்கு அப்பால்

எங்கள் காலத்தில் சென்னையில் கல்லூரி வாசல் என்று ஒன்று இருந்தால் எதிரே ஒரு பெட்டிக்கடையும் இருக்கும். முன்னால் வாழைத்தார், கண்ணாடி ஜாடியில் கடலை மிட்டாய், கிளிப்பில் தொங்கும் வார இதழ்கள், பக்கத்துத் தூணில் கட்டிய தேங்காய் நார்க் கயிறு. அந்தக் கயிற்றின் நுனி நாள் முழுக்கக் கனன்றுகொண்டிருக்கும். தீப்பெட்டி வாங்க வேண்டாம், சிகரெட் பாக்கெட்டும் வாங்க வேண்டாம். சார்மினாரோ சிசர்ஸோ வில்ஸோ ஒன்றே ஒன்று கேட்டால் கொடுப்பார்கள்.

நான் நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தது 1970களின் கடைசியில். பாக்கெட்டில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற சட்டம் 1975இலேயே வந்துவிட்டது. பீடிக்கு அது கிடையாது. ஆஸ்பத்திரிக்குள் நிலைமை என்னவென்றால், டாக்டர்களே டியூட்டி ரூமில் புகைத்துக்கொண்டிருந்தார்கள். கேஸ் ஷீட்டில் பழக்கவழக்கம் என்று ஒரு வரி உண்டு. ‘புகைப்பவர்’ என்று டாக்டர் எழுதிவிட்டால் அதோடு அந்த விஷயம் முடிந்தது. நர்ஸின் வேலை டெம்பரேச்சர், நாடி, பி.பி., ஊசி. மாணவன் காய்ச்சலோடு வந்து கையை நீட்டும்போது மஞ்சள் கறை படிந்த விரல் எங்களுக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கேட்கச் சொல்லி எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

கேட்கும் முறை வந்தது மிகவும் தாமதமாக. 2000இல் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை வெளியிட்ட வழிகாட்டி அதை ஐந்து படிகளாக வகுத்தது: புகைக்கிறாயா என்று கேள், விடச் சொல், மனசு இருக்கிறதா என்று பார், வழி காட்டு, மறுபடி வரச் சொல். நம் நாட்டில் 2002இல் உலக சுகாதார நிறுவனமும் மத்திய அரசும் சேர்ந்து பதின்மூன்று இடங்களில் புகையிலையை விட உதவும் கிளினிக்குகளைத் திறந்தன. அதில் ஒன்று அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் பிறந்த ஆஸ்பத்திரிக்கு அது பொருத்தமான வேலைதான். ஆனால் பத்தொன்பது வயதுப் பையன் புற்றுநோய் ஆஸ்பத்திரிப் படியேறி, ‘நான் தம் அடிக்கிறேன், விட உதவுங்க’ என்று சொல்வானா? அவன் பார்வையில் புற்றுநோய் தாத்தாக்களுக்கு வருவது.

அந்த நினைப்பை உடைக்க எனக்குக் கிடைத்த நல்ல ஆயுதம் 2003இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு. வேந்தன் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் இன்னும் சிலரும் செய்தது. சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்கள் புகைத்தவர்களா இல்லையா என்று வீட்டாரிடம் விசாரித்து, உயிரோடு இருந்த 35,000 பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காசநோயில் இறந்த ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாவுக்குப் புகைதான் காரணம் என்று தெரிந்தது. புற்றுநோய்க்கு முகம் சுளிக்காத பையன் டி.பி. என்றால் நிமிர்ந்து உட்காருவான். அவன் தெருவிலோ ஹாஸ்டலிலோ ஒருத்தனுக்காவது அது வந்திருக்கும்.

சட்டம் அதன் போக்கில் நடந்தது. 1999இல் கேரள உயர் நீதிமன்றமும் 2001இல் உச்ச நீதிமன்றமும் பொது இடத்தில் புகைப்பதைத் தடுத்தன. 2002இல் ‘பாபா’ படத்தில் ரஜினிகாந்த் புகைத்ததற்கு பா.ம.க. நிறுவனர் டாக்டர் ராமதாஸ் போர்க்கொடி தூக்கினார். அந்த வருஷம் ஓ.பி.யில் இதைத் தவிர வேறு பேச்சு இல்லை. 2003இல் மத்திய சட்டம். கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. அன்புமணி சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 காந்தி ஜெயந்தியிலிருந்து பொது இடத்தில் புகைத்தால் இருநூறு ரூபாய் அபராதம்.

நூறு கெஜம் என்பது மூன்று நிமிஷ நடைகூட இல்லை. பெட்டிக்கடை நகர்ந்து டீக்கடையோடு சேர்ந்துகொண்டது. டீ, தம், அரியர் பற்றிய புலம்பல் மூன்றும் ஒரே பெஞ்சுக்கு வந்தன. பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு பொறியியல் கல்லூரியின் மருத்துவ அறையில் உட்கார்ந்தபோது நான் போராடியது அந்தப் பெஞ்சோடுதான்.

நிகோடினுக்கு எந்த அளவுக்கு அடிமை என்று அளக்க ஃபேகர்ஸ்ட்ராம் என்ற ஸ்வீடன்காரர் வகுத்த கேள்வித்தாள் உண்டு. அதில் முதல் கேள்வி, தூங்கி எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட் என்பது. ஹாஸ்டல் பையன்களில் பலர் மதியம்வரை தொட மாட்டார்கள். லீவுக்கு ஊருக்குப் போனால் அப்பா பயத்தில் ஒரு வாரம் ஒன்றுகூட இல்லை. இவர்களுக்கு நிகோடின் சுவிங்கம் கொடுப்பது வீண். டீயை வேறு கடையில், வேறு ஆளோடு குடிக்கச் சொல்ல வேண்டும். படுக்கையை விட்டு எழுந்ததும் தேடுகிறவனுக்குத்தான் சுவிங்கம். அதையும் மென்றுகொண்டே இருக்கக் கூடாது. லேசாக மென்று, நாக்கில் சுரீரென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். டீ குடித்த வாயோடு போட்டால் மருந்து சரியாக இறங்காது. இது தெரியாமல் பபிள்கம் மாதிரி மென்று, விக்கல் எடுத்து, ‘சிஸ்டர், இது வேஸ்ட்’ என்று திருப்பிக் கொடுத்தவர்கள் நிறைய.

அறைக்கு வருகிறவன் தலைவலி மாத்திரைக்குத்தான் வருவான். பி.பி. பட்டையைச் சுற்றிக்கொண்டே, “தம் உண்டாப்பா?” என்பேன். திட்டுகிற குரலில் கேட்டால் இல்லை என்றுவிடுவான். “வீட்டுக்குச் சொல்லிடாதீங்க சிஸ்டர்.” வார்டனுக்கும் சொல்ல மாட்டேன் என்று முதலில் வாக்குக் கொடுத்துவிடுவேன். நிர்வாகத்துக்கு இது பிடிக்காது. பட்டியல் கேட்பார்கள். பட்டியல் கொடுத்த மறுநாள் அந்த அறைக்கு ஒருத்தனும் வர மாட்டான்.

முதல் மூன்று நாள் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும், ஒவ்வொரு தவிப்பும் சில நிமிஷத்தில் தணியும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புவேன். பிறகு மூன்றாம் நாள், அடுத்த வாரம், செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின வாரம் என்று மறுபடி வரச் சொல்வேன். அந்த ஐந்து படிகளில் டாக்டருக்கு நேரமில்லாமல் போவது கடைசிப் படிதான். செவிலியர் உட்கார்ந்து பேசினால் விடுகிறவர்கள் கூடுகிறார்கள் என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் மதிப்பாய்வும் சொல்கிறது. ஆனாலும் பெரும்பாலான கல்லூரிகளில் நர்ஸின் வேலைப் பட்டியலில் இது கிடையாது. முதலுதவிப் பெட்டி, ஆம்புலன்ஸ், விளையாட்டு விழா என்றுதான் இருக்கும்.

2016 முதல் பாக்கெட்டின் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம். அதே வருஷம் தேசிய இலவசத் தொலைபேசி உதவி எண்ணும் வந்தது, 1800112356. 2018இலிருந்து அதைப் பாக்கெட்டிலேயே அச்சிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு, பாக்கெட் வாங்குகிறவனுக்கு. மாணவன் இன்றைக்கும் ஒற்றையாகத்தான் வாங்குகிறான். பாக்கெட் கடைக்காரரிடம், படமும் எண்ணும் அவரிடம். அதனால் அந்த எண்ணை மாத்திரைக் கவரின் பின்பக்கம் பேனாவால் எழுதிக் கொடுப்பேன். எதிரில் இருக்கும்போதே போனில் ஏற்றிவைக்கச் சொல்வேன். என்ன பெயரில் வைப்பது என்று ஒருத்தன் தயங்கினான். அவன் போனை அறைத் தோழர்களும் எடுத்துப் பார்ப்பார்களாம். ‘மெஸ் கம்ப்ளெய்ன்ட்’ என்று போட்டுக்கொள்ளச் சொன்னேன்.