சிகரெட் பெட்டிக்குள் ஒரு சரித்திரம்

2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க நாட்டில் ஓர் அட்டை ஏலத்தில் விலைபோயிற்று. அதன் அகலம் இரண்டரை அங்குலத்திற்குச் சற்று மேல். உயரம் மூன்றே முக்கால் அங்குலம். நீலப் பின்னணியில், மட்டையைத் தோள்மீது சாய்த்து, கண்களை மேலே நிறுத்தி நிற்கும் ஓர் இளைஞனின் வண்ணப்படம் அதில் அச்சாகியிருந்தது. மிக்கி மாண்டில் என்பது அவன் பெயர். பேஸ்பால் ஆட்டத்தில் பெரும்புகழ் எய்தியவன். அட்டை அச்சான ஆண்டு 1952. அந்நாளில் ஐந்து சென்டு நாணயத்தை நீட்டினால் சூயிங் கம்மோடு இத்தகைய அட்டைகள் சிலவும் கிடைத்தன. எழுபது ஆண்டுகளுக்குப் பின் அந்த ஓர் அட்டைக்குக் கிடைத்த விலையோ 1 கோடியே 26 லட்சம் டாலர்!

விலையைக் கேட்டு வியப்பது எளிது. ஆனால், இவ்வட்டையின் வரலாறு விலையின் வரலாறு அன்று. வீசி எறிவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளை, எறிய மனமின்றி வைத்துக்கொண்ட சிலரின் வரலாறு அது.

கிரிக்கெட் அறிந்த நேயர்களுக்குப் பேஸ்பாலை விளக்குதல் கடினமன்று. ஒருவர் பந்தை எறிவார். மற்றொருவர் உருண்டைத் தடி போன்ற மட்டையால் அதை அடிப்பார். அடித்தவர் சாய்சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரையில் ஏறத்தாழ நாள்தோறும் ஆட்டம் உண்டு. ஒவ்வோர் அடியும் எண்ணாகக் குறிக்கப்படும். ஆகவே இதில் பற்றுக்கொண்டவன், ஆட்டத்தை மட்டுமன்றி, ஆட்டக்காரரின் எண்களையும் மனப்பாடமாக வைத்திருப்பான்.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும். 1903 முதல் 1952 வரை, பெரிய லீகுகள் என்று பெயர் பெற்ற இரண்டிலும் சேர்த்து 16 அணிகளே இருந்தன. அவை இருந்த நகரங்கள் பத்து. மேற்கே செயின்ட் லூயி நகரைத் தாண்டி ஓர் அணியும் இல்லை. அவ்வளவு பரந்த நாட்டில், பெரும்பாலான சிறுவர்கள் தாம் உயிராய் மதித்த வீரனை ஒருமுறையேனும் நேரில் கண்டவர் அல்லர். 1921-ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் நகரின் வானொலி நிலையம் முதன்முதலாக ஓர் ஆட்டத்தை ஒலிபரப்பியது. அதன்பின் ஆட்டத்தின் ஒலி வீட்டிற்குள் வந்தது. ஆயினும் முகம்? அம்முகத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தது இந்த அட்டையே. தொலைவிலிருந்து கேட்கும் குரலுக்கு ஒரு முகம் வேண்டும் என்னும் ஏக்கத்தை, இந்த உரையைக் கேட்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அட்டையின் பிறப்பு சிறுவர்களுக்காக நிகழ்ந்ததன்று. 1880-களில் சிகரெட் பெட்டி மெல்லிய தாளால் ஆகியிருந்தது. உள்ளிருக்கும் சிகரெட்டுகள் நசுங்காமல் இருக்கத் தடித்த அட்டை ஒன்றைச் செருகுவார்கள். வெற்றட்டையாக அது ஏன் இருக்க வேண்டும் என்று வியாபாரிகளுக்குத் தோன்றியது. நடிகையர், குத்துச்சண்டை வீரர், பறவைகள், கொடிகள் ஆகியவற்றோடு பேஸ்பால் ஆட்டக்காரரும் அதில் இடம்பெற்றனர். வர்ஜீனியாவின் ரிச்மண்டு நகரத்து ஆலன்–கிண்டர் கம்பெனியார் 1887-இல் வெளியிட்ட 50 அழகிய வண்ண அட்டைகளுள் பத்து பேஸ்பாலுக்கு உரியவை. நியூயார்க்கின் குட்வின் கம்பெனியார் 1886 முதல் 1890 வரை ஐந்நூறுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்களின் நிழற்படங்களை அட்டையில் ஒட்டி வெளியிட்டனர். அக்காலத்துக் காமிராவுக்குப் பறக்கும் பந்தைப் பிடிக்கும் வேகம் இல்லை. எனவே படப்பிடிப்புக் கூடத்தில் பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டக்காரரை அதை அடிப்பவர்போல் நிற்கச் செய்தனர். சில படங்களில் அந்த நூல் நன்றாகவே தெரிகிறது. எனக்கு இவ்வட்டைகளில் மிகவும் பிடித்தது அந்த நூல்தான்.

1890-இல் ஜேம்ஸ் டியூக் என்பவர் போட்டிக் கம்பெனிகளை ஒன்றாக இணைத்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியை நிறுவினார். போட்டி ஒழிந்ததும் இனாமும் ஒழிந்தது. மீண்டும் அக்கம்பெனியே 1909 முதல் 1911 வரை வெளியிட்ட வரிசையில் 524 அட்டைகள் உண்டு. சிறுவர்கள் கடை வாயிலில் காத்து நின்று, சிகரெட் வாங்கி வருவோரிடம் படத்தை மட்டும் கேட்டுப் பெறுவார்களாம். அவ்வரிசையில் ஓர் அட்டை மட்டும் மிக அரிது. ஹோனஸ் வாக்னர் என்னும் பிட்ஸ்பர்க் ஆட்டக்காரரின் படம் அது.

வாக்னர் ஜெர்மனியிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். தம் லீகில் எட்டு முறை மட்டையடியில் முதலிடம் பெற்றவர். தம் படத்தைச் சிகரெட்டோடு வெளியிட அவர் இசையவில்லை. அச்சிடுதல் நிறுத்தப்பட்டது, அதற்குள் வெளிவந்துவிட்டவற்றுள் இன்று அறியப்பட்டவை ஏறத்தாழ அறுபது. அவர் ஏன் மறுத்தார்? தம் படத்திற்காகச் சிறுவர்கள் புகையிலை வாங்கக்கூடாது என்று கருதினார் என்பர் ஒரு சாரார். தமக்குப் பணம் தரவில்லை என்பதே காரணம் என்பர் மற்றொரு சாரார். வாக்னர் தாமே புகையிலை மெல்லும் வழக்கமுடையவர் என்பதைப் பின்னவர் எடுத்துக்காட்டுவர். எனினும், அவருடைய இசைவைப் பெற்றுத் தருமாறு கம்பெனியார் அமர்த்திய பத்திரிகையாளர் அதனால் இழக்கவிருந்த பத்து டாலரை, வாக்னர் தம் கையிலிருந்தே அனுப்பினார் என்று 1912-இல் ஒரு விளையாட்டு இதழ் எழுதியது. பணத்தாசை மட்டுமே காரணமாயின் இதைச் செய்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். 2022-இல் அவ்வட்டைகளுள் ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறிற்று.

புகையிலைக்குப் பின் மிட்டாயும், மிட்டாய்க்குப் பின் சூயிங் கம்மும் அட்டையைச் சுமந்தன. பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த 1933-இல் பாஸ்டன் நகரத்துக் கௌடி கம்பெனியார் 240 அட்டைகள் கொண்ட வரிசையை வெளியிட்டனர். அதில் 106-ஆம் எண் அட்டை மட்டும் எந்தப் பொட்டலத்திலும் இல்லை. ஒவ்வொரு சென்டாகக் கொடுத்து வாங்கிய சிறுவர்கள் தேடித் தேடிச் சலித்தனர். வரிசை நிரம்பாத வரையில் வாங்குவது நிற்காது என்பது வியாபாரியின் கணக்காக இருந்திருக்க வேண்டும். ஏமாந்தவர்கள் கடிதம் எழுதினர். அடுத்த ஆண்டு, 1916-லேயே பெரிய லீகுகளை விட்டு விலகிவிட்ட நெப்போலியன் லாஜோயி என்பவரின் படத்தை 106-ஆம் எண்ணிட்டு அச்சிட்டு, கேட்டு எழுதியவர்களுக்கு மட்டும் கம்பெனியார் தபாலில் அனுப்பினர். கடிதத்தோடு அட்டையைச் சேர்த்துக் குத்திய காகிதக் கிளிப்பின் தழும்பு அவற்றுள் பலவற்றில் இன்றும் உள்ளது.

ஓர் எண் விடுபட்டதைச் சிறுவர்கள் கண்டுகொண்டனர். ஆனால் ஓர் இனமே விடுபட்டதை எத்தனை பேர் கண்டனர்? 1880-களிலிருந்து கறுப்பினத்தவர் பெரிய லீகுகளில் ஆட முடியாதவாறு எழுதாச் சட்டமொன்று அவர்களை வெளியே நிறுத்தியது. அவர்கள் தமக்கென்று லீகுகள் அமைத்து ஆடினர். அவற்றுள் ஒப்பற்ற ஆட்டக்காரர் பலர் இருந்தும், அமெரிக்கப் புகையிலைக் கம்பெனிகளும் சூயிங் கம் கம்பெனிகளும் பெரிய லீகுகளின் பக்கமே பார்த்திருந்தன. ஆஸ்கார் சார்ல்ஸ்டன் என்னும் மாபெரும் ஆட்டக்காரரின் முகம் அட்டையில் ஏறியது கியூபாவில். 1923–24 பருவத்தில், பில்லிக்கென் என்ற அந்நாட்டுச் சிகரெட்டோடு. ஜோஷ் கிப்சனின் அட்டை போர்ட்டோ ரிக்கோவில் 1950–51-இல் வெளிவந்தது. கிப்சன் இறந்தது 1947 ஜனவரியில்! அவர் இறந்த மூன்றாம் மாதம், ஏப்ரல் 15-ஆம் நாள், ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் இறங்கி அத்தடையை உடைத்தார். அவ்வாண்டே அவருடைய படங்கள் ஒரு ரொட்டிக் கம்பெனியின் அட்டைகளில் வந்தன. கறுப்பினத்தவர் லீகுகளின் எண்களைப் பெரிய லீகுகளின் கணக்கில் சேர்ப்பதற்கு 2024 வரை காலம் சென்றது. சேர்த்ததும், வாழ்நாள் மட்டையடிச் சராசரியில் அனைவருக்கும் மேலாக .372 என்ற எண்ணோடு நின்றவர் கிப்சனே.

உலகப் போரில் காகிதத்திற்கும் ரப்பருக்கும் தட்டுப்பாடு நேர்ந்ததால் அட்டைகள் நின்றன; 1948-இல் பிலடெல்பியாவின் போமன் கம்பெனியார் மீண்டும் தொடங்கினர். புரூக்ளினின் டாப்ஸ் கம்பெனியார் போட்டிக்கு வந்தனர். அங்கே பணிபுரிந்த சை பெர்கர் என்னும் இளைஞர், உடன் பணியாற்றிய வுடி கெல்மனோடு சேர்ந்து, தம் வீட்டுச் சமையலறை மேசைமீதே 1952-ஆம் ஆண்டு வரிசையை வடிவமைத்தார். முன்புறம் பெரிய வண்ணப்படமும் கையொப்பமும். பின்புறம் சென்ற ஆண்டின் எண்களும் வாழ்நாள் எண்களும். மொத்தம் 407 அட்டைகள். மாண்டிலின் எண் 311. வரிசையின் கடைசிப் பகுதி காலந்தாழ்ந்து, ஆட்டப் பருவம் முடியும் வேளையில் கடைக்கு வந்தமையால், விற்காமல் கிடங்கில் தேங்கிற்று. எட்டு ஆண்டுகள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த அந்தச் சரக்கை 1960-இல் பெர்கர் ஒரு மிதவையில் ஏற்றி, நியூ ஜெர்சிக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் கொட்டச் செய்தார். தாமே உடன் சென்று கண்டதாக அவர் பிற்காலத்தில் கூறினார். கடலில் போனவற்றுள் 311-ஆம் எண்ணும் உண்டு.

கடலுக்குப் போகாதவை வீட்டில் அழிந்தன. சிறுவர்கள் அட்டைகளைச் சுவரோரம் சுண்டி விளையாடினர். சைக்கிள் சக்கரத்தில் செருகிப் படபடவென ஒலிக்கச் செய்தனர். பையன் கல்லூரிக்கோ பட்டாளத்திற்கோ போனபின், அவன் கட்டிலின் கீழிருந்த செருப்புப் பெட்டியைத் தாய் குப்பையில் போட்டாள். அமெரிக்காவில் ஒரு தலைமுறையினர் முழுவதும் இக்குறையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றனர். தாயைக் குறைகூறுவதில் நியாயமில்லை. வேலை மாற்றலாகி ஊர்விட்டு ஊர் போகும் குடும்பத்தில் எதைப் பெட்டியில் கட்டுவது, எதைக் கழிப்பது என்ற தீர்ப்பு யார் தலையில் விழுகிறது என்பது நம் நேயர்களுக்குத் தெரியும். இத்தனை தாய்மார்கள் எறிந்திராவிட்டால் இன்றைய விலையும் இல்லை. 1980-களின் பிற்பகுதியில் விலை ஏறுவதைக் கண்டு அனைவரும் சேமிக்கத் தொடங்கினர். கம்பெனிகளும் அளவின்றி அச்சிட்டன. எவரும் எறியாத அவ்வட்டைகளுக்கு இன்று விலை இல்லை.

இனி, விலை கருதாமல் சேர்த்த ஒருவரைப் பற்றி. நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்தவர் ஜெபர்சன் பர்டிக். 1900-இல் பிறந்தவர், மணம் செய்துகொள்ளாதவர், செல்வர் அல்லர். பேஸ்பாலுக்கென்று அவர் சேர்க்கவும் இல்லை. விளம்பர அட்டை, வாழ்த்து அட்டை, தபால் அட்டை என அச்சான சிறு தாள் எதுவும் ஒரு காலத்தின் சாட்சி என்று கருதினார். 1937-இல் சேகரிப்போருக்கென ஒரு சிறு இதழைத் தொடங்கினார். 1939-இல் ஒரு பட்டியல் நூல் வெளியிட்டார். எந்த அட்டை எவ்வரிசையைச் சேர்ந்தது என்று ஒருவருக்கும் தெரியாதிருந்த காலத்தில், புகையிலைக்கு ஓர் எழுத்து, மிட்டாய்க்கு ஓர் எழுத்து, அதன்பின் எண் என்று முறை வகுத்தார். அம்முறையையே இன்றும் வழங்குகின்றனர். அவருடைய பட்டியலில் வாக்னர் அட்டைக்கு இட்ட விலை 50 டாலர்; அதுவே உச்சம்.

மூட்டுவாத நோய் அவரை இளமையிலிருந்தே வருத்திற்று. தமக்குப்பின் இவை சிதறிவிடும் என்று அஞ்சி, 1947 முதல் தம் சேகரத்தை நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக் காட்சிசாலைக்கு வழங்கலானார். அச்சோவியப் பகுதியின் தலைவரான ஹயட் மேயர் அதனை ஏற்றார். பர்டிக்கே வந்து வகைப்படுத்தித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. மூன்று லட்சத்திற்கு மேற்பட்ட தாள்கள். அவற்றுள் பேஸ்பால் அட்டைகள் மட்டும் ஏறத்தாழ முப்பதாயிரம். 1959-இல் வேலையை விட்டு நியூயார்க்கிலேயே குடியேறினார். மிதவை கடலில் அட்டைகளைக் கொட்டிய அதே 1960-இல், அந்நகரத்தின் காட்சிசாலை மேசையொன்றில், மடங்க மறுத்த விரல்களால் அவர் ஒவ்வோர் அட்டையாகப் பசையிட்டு ஆல்பங்களில் ஒட்டிக்கொண்டிருந்தார். பசையிட்டால் அட்டையின் விலை கெடும் என்று இன்றைய வியாபாரி பதறுவார். விற்பதற்காக ஒட்டியவர் அல்லர் அவர். வாக்னர் அட்டையும் அவ்வாறே ஒட்டப்பட்டது.

1963 ஜனவரி 10-ஆம் நாள் கடைசி அட்டையும் ஒட்டியாயிற்று. மறுநாள் பர்டிக் மருத்துவமனையில் சேர்ந்தார். மார்ச் 13-ஆம் நாள் காலமானார்.