பெருந்தமனி நோயில் நாட்பட்ட குருதி உறைவுக் கோளாறு

பெருந்தமனி வீக்கமோ பெருந்தமனிச் சுவர்ப் பிளவோ நெடுநாள் நீடிக்கும் சிலருக்கு, நாளங்களுக்குள்ளேயே இரத்தம் ஓயாமல் உறைவதும் கரைவதுமாக இருக்கும். தட்டணுக்களும் ஃபைப்ரினோஜனும் இதில் செலவழிந்துபோவதால் இரத்தப்போக்கு உண்டாகிறது. மருத்துவர்கள் இதை நாட்பட்ட டி.ஐ.சி. என்பர்.

வரலாறு
1940இல் கசாபாக், மெரிட் என்னும் அமெரிக்க மருத்துவர்கள், பெரிய இரத்தக்குழாய்க் கட்டி இருந்த குழந்தைக்குத் தட்டணுக்கள் குறைந்திருந்ததைப் பதிவு செய்தனர். ஓரிடத்து நாளக்கேடு உடல் முழுவதன் குருதியையும் கெடுக்கும் என்பதற்கு அது தொடக்கச் சான்றாயிற்று. 1965இல் டொனால்டு மெக்கே டி.ஐ.சி. பற்றித் தனி நூலே எழுதினார். 1967இல் ஃபைனும் அவருடன் பணியாற்றியோரும் பெருந்தமனிப் பிளவுடன் உறைதல் குறைகள் பல சேர்ந்து வந்ததை விவரித்தனர். 1970களில் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்திலும் இந்நிலை அறியப்பட்டது.

தோன்றும் விதம்
வீங்கிய பையில் குருதி சுழன்று தேங்கும். உட்படலம் சிதைந்த சுவரில் திசுக் காரணி வெளிப்பட்டு, த்ராம்பின் உருவாகும். உறைந்ததைக் கரைக்கப் பிளாஸ்மினும் பெருகும்.

வகைப்பாடு
குருதி உறைவு ஆய்வுக்கான உலக அமைப்பான ஐ.எஸ்.டி.எச். 2001இல் வகுத்த மதிப்பெண் முறையில் 5ம் அதற்கு மேலும் வெளிப்படையான டி.ஐ.சி. ஆகும். ஆயினும் மருத்துவத்துக்கு வழிகாட்டுவது ஜப்பானிய அறிஞர்களின் மூவகைப் பகுப்பே. செப்சிஸில் கரைதல் ஒடுங்கியிருக்கும். திடக்கட்டிப் புற்றுநோயில் உறைதலும் கரைதலும் சமமாக நிற்கும். பெருந்தமனி வீக்கத்தில் கரைதல் மிகுந்திருக்கும். ஆகவே இங்கு உறுப்புச் செயலிழப்பைவிட இரத்தக்கசிவே முந்துகிறது.

அறிதல்
தோலில் நீலத் திட்டுகள், பல் பிடுங்கிய இடத்தில் நிற்காத கசிவு ஆகியவை முதல் அறிகுறிகளாகலாம். டி-டைமர் உயரும், தட்டணுக்களும் ஃபைப்ரினோஜனும் குறையும். கல்லீரல் இழப்பை ஈடுசெய்வதால் புரோத்ராம்பின் நேரம் இயல்பாகவும் இருக்கலாம்; அதை மட்டும் நம்பக் கூடாது.

மருத்துவம்
நிலையான தீர்வு பெருந்தமனியைச் சீராக்குவதே. திறந்த அறுவையோடு, 1991இல் அறுவை மருத்துவர் பரோடி வெளியிட்ட முறையின் வழிவந்த ஸ்டென்ட் கிராஃப்டும் உதவுகிறது. ஸ்டென்ட் கிராஃப்டின் புறத்தே கசிவு நீடித்தால் கோளாறு திரும்பலாம். அறுவைக்கு முன் குருதிநீர், தட்டணு, கிரையோபிரெசிபிடேட் ஏற்றி உறைதிறன் சீராக்கப்படும். அறுவை இயலாதோருக்கு ஹெப்பாரின் உறைதலைத் தொடக்கத்திலேயே தடுக்கிறது. உறைவு கரைவதைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தைத் தனியாகத் தருவது உறைகட்டி அபாயம் உடையது. ஹெப்பாரினுடன் சேர்த்தே தர வேண்டும். அண்மையில் ரிவராக்சபான், அப்பிக்சபான் போன்ற உறைதல் தடுப்பு மாத்திரைகளும் பயன்பட்டு வருகின்றன.