சுப்பாராவ் நுழைந்த வாசல்

போன மாதம் கல்விக்கடன் கேட்டு ஒரு குடும்பம் எங்கள் கிளைக்கு வந்தது. புனேயில் இருபது வருடமாக இருக்கும் தஞ்சாவூர்க்காரர்கள். பெண் அமெரிக்காவில் முதுகலை படிக்கப் போகிறாள், பிறகு புற்றுநோய் ஆராய்ச்சியாம். பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-20 படிவம் கையில் இருந்தது. பேசி முடித்து எழுந்திருக்கும்போது அம்மா கேட்டார்: "படிச்சு முடிச்சதும் அங்கேயே இருந்துடலாம்தானே சார்?"

வட்டி எவ்வளவு என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். இதற்குச் சட்டென்று பதில் வரவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். நான் வெறும் பி.காம். ஆனாலும் அன்று இரவு நினைவுக்கு வந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்த தெலுங்குக்காரர். படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். காந்தி சொன்னார் என்று கதர் உடுத்திப் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முழு மருத்துவப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் ஹார்வர்டுக்குக் கப்பல் ஏறினார்.

அப்போது அமெரிக்கா இந்தியர்களுக்கு மூடிய வீடு. 1917-ம் வருடச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடை செய்யப்பட்ட பிரதேசமாக்கியது. 1923-ல் பகத்சிங் தின்த் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பிறகு எப்படி சுப்பாராவ் உள்ளே போனார்?

அங்கேதான் விஷயம். 1917 சட்டத்தில் ஒரு பக்கவாட்டு வாசல் இருந்தது. மாணவர், மருத்துவர், ஆசிரியர், வேதியியலாளர், வணிகர் போன்றோருக்குத் தடையில் விலக்கு. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: எந்தத் தொழிலைச் சொல்லி வந்தாரோ அதை விட்டால், அவர் சட்டவிரோதமாக இருப்பவர். கதவு திறந்தது தொழிலுக்கு, மனிதனுக்கு இல்லை.

அந்த வாசல் வழியாகப் போனவர் செலவுக்காக பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் இரவில் எடுபிடி வேலை பார்த்தார். பகலில் ஆய்வுக்கூடம். 1925-ல் ஃபிஸ்க்குடன் சேர்ந்து ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை; 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையில் அது இருக்கிறது. யானைக்கால் நோய்க்கு ஊர் ஊராகக் கொடுத்தார்களே ஒரு மாத்திரை, அதுவும் அவர் குழுவின் மருந்துதான். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு டாக்டர் சிட்னி ஃபார்பர் முதன்முதலில் கொடுத்துப் பார்த்த அமினாப்டெரினும் அங்கிருந்து போனதே.

இத்தனை செய்தவருக்குக் குடியுரிமை? 1946-ல் லூஸ்-செல்லர் சட்டம் வந்த பிறகுதான் இந்தியர் விண்ணப்பிக்கவே முடிந்தது. அதிலும் இந்தியாவுக்கு வருட ஒதுக்கீடு 100 பேர்! 1948 ஆகஸ்டில் 53 வயதில் சுப்பாராவ் இறந்தபோது அவர் அமெரிக்கக் குடிமகன் இல்லை. ஊரில் விட்டுவந்த மனைவியை அவர் திரும்பப் பார்க்கவே இல்லை.

1965-ல் பழைய இன ஒதுக்கீடு ஒழிந்தது. 1990 சட்டத்தில் சிறந்த ஆராய்ச்சியாளர்களுக்கென்றே முன்னுரிமைப் பிரிவு வந்தது. பல்கலைக்கழக ஆராய்ச்சி வேலைக்கு எச்-1பி வருட உச்சவரம்பு கிடையாது. நல்ல மாற்றங்கள்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். வேலை அடிப்படையிலான பச்சை அட்டை வருடத்துக்குச் சுமார் 1,40,000. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம், அதாவது 9,800. மற்ற நாடுகள் எடுக்காமல் விட்டால் கொஞ்சம் கூடும். கணவன், மனைவி, குழந்தைகளும் இதற்குள்ளேயே. இதில் பார்ப்பது பிறந்த நாட்டை, படிப்பை அல்ல. எச்-1பி-யில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். 1917 நிபந்தனையின் பேரன்! 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் எச்-1பி ஊழியருக்கு நிறுவனம் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றும் அதிபர் உத்தரவு வந்தது.

நாம் புனேக்கு வந்தபோது யாரிடம் அனுமதி கேட்டோம்? கேஸ் இணைப்பை மாற்றியதோடு சரி. அதனால்தானோ என்னவோ, போவதும் தங்குவதும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம்.

கையெழுத்துப் போட வந்தபோது அந்த அம்மாவிடம் சொன்னேன்: "படிக்கப் போறது ஒரு கணக்கும்மா, அங்க தங்குறது வேற கணக்கு. ரெண்டாவதை நம்பிக் கடன் வாங்காதீங்க. இங்க வந்து வேலை பார்த்தாலும் கட்ட முடியுமான்னு பார்த்துக்குங்க."

அவர் பெண்ணைப் பார்த்தார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, கடன் தொகையில் இரண்டு லட்சம் குறைத்து எழுதச் சொன்னாள். பிழைத்துக்கொள்வாள்.