ஏழு விநாடி டிரம்ஸ் - வாசித்தது யார்?

போன செமஸ்டர் எங்கள் துறை விழாவுக்காக ஒரு பாட்டு பண்ணினோம். பண்ணினோம் என்றால், விடுதி அறையில் என் லேப்டாப்பில் நான் இசை சேர்க்க, பக்கத்து அறை நண்பன் பாட, இரண்டே ராத்திரியில் முடிந்த வேலை. டிரம்ஸ், பேஸ் இரண்டுமே லூப்தான். மென்பொருளோடு வந்த கோப்புகளில் பிடித்ததை இழுத்துப் போட்டு, பாட்டு முடியும்வரை திரும்பத் திரும்ப ஒட்டினேன். விழா முடிந்ததும் ஒரு ஜூனியர் வந்து, "அண்ணா, டிரம்ஸ் செமையா இருந்துச்சு. யாருண்ணா வாசிச்சது?" என்றான். "அது லூப்டா" என்று சமாளித்தேன். ஆனால் அது பதிலே இல்லையே! யாரோ ஒருவர் உட்கார்ந்து வாசிக்காமல் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது?

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :)

வீட்டுக் கணினிக்கு முன்பே லூப் வந்துவிட்டது. 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற டிஜே (ஜமைக்காவில் பிறந்தவர்) ஒன்றைக் கவனித்தார். பாட்டு ஓடும்போது சும்மா நிற்கிறவர்கள்கூட, மற்ற வாத்தியங்கள் நின்று டிரம்ஸ் மட்டும் கேட்கும் அந்தச் சில விநாடிகளில் ஆட இறங்கிவிடுகிறார்கள். அதற்குப் பெயர் 'பிரேக்'. ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றில் பிரேக் முடிவதற்குள் மற்றதை அதே இடத்தில் ஆரம்பித்து, அந்தச் சில விநாடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினார். நாம் மவுஸால் செய்வதை அவர் கையால் செய்தார், அவ்வளவுதான்.

அடுத்து சாம்ப்ளர் வந்தது. 1987ல் வந்த ஈ-மு எஸ்பி-1200 என்ற பெட்டியில் மொத்தமாகவே பத்து விநாடி ஒலிதான் பதிய முடியும். அதனால் பையன்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். 33 வேகத் தட்டை 45 வேகத்தில் ஓட்டிப் பதிந்து, பெட்டிக்குள் போனபிறகு வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். இடமும் மிச்சம், கொஞ்சம் கரகரப்பான சத்தமும் இலவசம். பழைய ஹிப்ஹாப் பாட்டுகளின் அந்தக் கரகரப்பை இன்று காசு கொடுத்து பிளக்-இன் வாங்கிச் சேர்க்கிறோம்!

இப்போது அந்த ஏழு விநாடி. வாஷிங்டனைச் சேர்ந்த தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு 1969ல் 'கலர் ஹிம் ஃபாதர்' என்று ஒரு பாட்டு வெளியிட்டது. நன்றாக ஓடியது, கிராமி விருதும் வாங்கியது. தட்டின் மறுபக்கத்தை நிரப்ப 'ஆமென், பிரதர்' என்று ஒரு வாத்திய இசை. அதன் நடுவில் எல்லோரும் நிறுத்திக்கொள்ள, டிரம்மர் கிரகரி கோல்மன் மட்டும் நான்கு பார் (நம்மூர்க் கணக்கில் நான்கு ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) வாசிக்கிறார். முதல் இரண்டும் நேராகப் போகும். அப்புறம் ஒரு ஸ்னேர் அடி இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, கொஞ்சம் தள்ளி விழும். நாலாவதில் எதிர்பார்ப்பதற்கு முன்பே சிம்பல் வந்துவிடும். கேட்டுப் பாருங்கள், காலை ஆட்டாமல் இருக்க முடியாது.

1986ல் 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்' என்ற தொகுப்புத் தட்டில் இது இடம்பெற்றதும் எல்லோர் கைக்கும் போய்விட்டது. 1988ல் என்.டபிள்யூ.ஏ குழுவின் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' பாட்டில் இருக்கிறது. 1990களின் ஆரம்பத்தில் லண்டன் இளைஞர்கள் இதை வேகமாக்கி, ஒவ்வொரு அடியாக வெட்டி, வரிசை மாற்றி அடுக்கினார்கள். ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இசை வகைகளே இதன்மேல் எழுந்தவைதான். இன்றுவரை ஆயிரக்கணக்கான பாட்டுகளில் இந்த நான்கு பார் இருக்கிறது.

கோல்மனுக்கு எவ்வளவு கிடைத்தது? ஒரு பைசாவும் இல்லை.

பேஸ் லூப்பின் கதையோ வேறு மாதிரி. அதைப் படித்தபோதுதான் எனக்கு விஷயமே உறைத்தது. 1979ல் ஷீக் குழுவின் 'குட் டைம்ஸ்' வந்தது. அதில் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் வாசித்த பேஸ் வரியை, ஸ்டூடியோக் கலைஞர்களை வைத்து மறுபடி வாசித்து, அதே ஆண்டில் சுகர்ஹில் கேங் 'ராப்பர்ஸ் டிலைட்' வெளியிட்டது. எட்வர்ட்ஸும் நைல் ராட்ஜர்ஸும் வழக்குப் போடுவோம் என்றதும், பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் இருவர் பெயரும் ஏறியது. பேஸ் வரி என்றால் ஸ்வரம், அது 'இசையமைப்பு'க்குள் வந்துவிடும். டிரம்ஸ் அடி பெரும்பாலும் அப்படிக் கணக்கில் வராது, வாசித்தவருக்கு எழுதியவர் என்ற உரிமையும் கிடைக்காது. பேஸ் கிடாருக்கு ஒரு நியாயம், டிரம்ஸுக்கு ஒரு நியாயம். எனக்கு இது இன்னும் சரியாகப் படவில்லை.

1991ல் பிஸ் மார்க்கி வழக்கில், அனுமதியில்லாமல் சாம்பிள் எடுப்பது திருட்டு என்று நியூயார்க் நீதிமன்றம் அடித்துச் சொன்னது. அப்புறம் எல்லோரும் அனுமதி வாங்க ஆரம்பித்தார்கள். நம்ம மாயா (எம்.ஐ.ஏ) 2007ல் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் தி கிளாஷ் குழுவின் பழைய பாட்டை எடுத்தபோது அவர்கள் பெயரையும் எழுதியவர்களோடு சேர்த்திருந்தார். ஆனால் வீட்டில் பாட்டுப் போடும் பையனுக்கு வக்கீல் ஏது? அவனுக்காகவே, ஒருமுறை வாங்கினால் போதும், தனியாக அனுமதி தேவையில்லை என்ற லூப் குறுந்தகடுகள் வந்தன. 1998ல் வந்த ஆசிட் மென்பொருள், எந்த லூப்பைப் போட்டாலும் பாட்டின் வேகத்துக்குத் தானே பொருத்திக்கொண்டது. ஃப்ரூட்டிலூப்ஸும் அதே காலத்தில் வந்தது. 2004ல் ஆப்பிளின் கராஜ்பேண்ட் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லூப்களோடு வந்தது. 2007ல் ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' உலகம் முழுக்க ஒலித்ததே, அந்த டிரம்ஸ் கராஜ்பேண்டில் எல்லோருக்கும் கிடைக்கும் 'வின்டேஜ் ஃபங்க் கிட் 03' என்ற லூப்! சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. வாசித்தது யார் என்பதை மட்டும் அந்தக் கோப்பின் பெயர் சொல்லாது.

வின்ஸ்டன்ஸ் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு, தங்கள் பாட்டு இப்படிப் பரவியிருப்பதே 1996ல்தான் தெரிந்தது. வழக்குப் போடும் காலம் தாண்டிவிட்டிருந்தது. 2015ல் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு டிஜே இணையத்தில் நன்கொடை திரட்ட, சுமார் 24,000 பவுண்ட் சேர்ந்து அவருக்குப் போனது. அவர் 2020ல் காலமானார். கிரகரி கோல்மன் அந்தப் பணத்தைப் பார்க்கவில்லை. 2006லேயே, வீடு வாசல் இல்லாத நிலையில் இறந்துபோயிருந்தார்.

எங்கள் துறைப் பாட்டை யூட்யூபில் ஏற்றியபோது 'டிரம்ஸ்' என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருந்தேன். நேற்று ராத்திரி அதை எடுத்துவிட்டு, அந்த லூப் கோப்பின் பெயரையும் எண்ணையும் அப்படியே போட்டிருக்கிறேன்.